குமிழுக்கு மேலே ஒரு முள்: மேற்கை எலும்பின் இயல்பு வேறுபாடு நடு நரம்பை நெருக்கிய ஒரு நிகழ்வு

இங்கே பதிவாகும் நிகழ்வில், 11 மி.மீ. நீளமே உள்ள ஓர் எலும்பு முள் நோயாளியின் வலது மேற்கையில் பிறவியிலிருந்தே இருந்தது. அது நரம்பை நெருக்கத் தொடங்கி ஏறத்தாழ 20 மாதங்கள் கழியும்வரை எந்த மருத்துவ அறிக்கையிலும் அதைப் பற்றி ஒரு சொல்கூட இடம்பெறவில்லை. இடையில் ஒருமுறை, நான் அறிக்கை எழுதிய எக்ஸ்ரே படமொன்றில் அந்த முள்ளின் நுனி தெரிந்தது. கண்டும் நான் அதை எழுதவில்லை. கை, கால் எலும்புகளின் இயல்பு வேறுபாடுகளைப் படத்தில் காணும்போது கதிரியல் மருத்துவர் எதைக் கேட்க வேண்டும், எதை எழுத வேண்டும் என்பதற்கு இந்த நிகழ்வு நேரடியாக விடை தருவதால், என் தவறு உட்பட எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நோயாளியின் அடையாளத்தைக் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

நோயாளியும் முதல் சிகிச்சையும்

நோயாளி 41 வயதுப் பெண். தையல் தொழில் செய்பவர். வலக்கைப் பழக்கம் உள்ளவர். வலது கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் மரத்துப்போகும் உணர்வுடன் மருத்துவரை அணுகினார். கத்தரிக்கோலை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, ஊசியில் நூல் கோக்கும்போது ஊசி விரலிடுக்கில் நிற்பதில்லை என்பவை அவர் சொன்ன குறைகள். இந்த வயது, இந்தத் தொழில், இந்த மூன்று விரல்கள் ஆகியவை சேர்ந்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மணிக்கட்டுக் குகை நோய், அதாவது கார்பல் டனல் நோய்தான். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் இடையிலான குறுகிய வழியில், மேற்கையிலிருந்து இறங்கி இந்த விரல்களுக்கு உணர்வு தரும் நடு நரம்பு அழுத்தப்படுவதால் வரும் அந்த நோய் மிகப் பரவலானது. எனவே அந்த ஐயம் தவறானதன்று.

அப்போது செய்யப்பட்ட நரம்புக் கடத்தல் சோதனையில், விரல்களிலிருந்து பதிவான உணர்வு அலையின் உயரம் குறைந்திருந்தது; ஆனால் மணிக்கட்டைக் கடக்க நரம்பு எடுத்துக்கொண்ட நேரம் இயல்பின் மேல் எல்லைக்குள்ளேயே இருந்தது. தொடக்க நிலை கார்பல் டனல் நோய் என அது வாசிக்கப்பட்டது. மணிக்கட்டை அசையாமல் நிறுத்தும் பட்டையும் மாத்திரைகளும் பயன் தராததால், குறைகள் தொடங்கிய 8 மாதங்களில் நார்ப்பட்டையை வெட்டி விடுவிக்கும் அறுவை நடந்தது. பலன் கிடைக்கவில்லை.

இரண்டு குறிப்புகள் தொடக்கத்திலிருந்தே வேறு திசையைக் காட்டிக்கொண்டிருந்தன. ஒன்று, நோயாளிக்குக் கட்டைவிரலின் அடியில் உள்ள உள்ளங்கை மேட்டின் தோலும் மரத்திருந்தது. அந்தத் தோலுக்குச் செல்லும் கிளை, நடு நரம்பிலிருந்து மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே பிரிந்து, குகைக்குள் நுழையாமல் அதன் மேற்புறமாகச் செல்கிறது. ஆகவே அழுத்தம் குகைக்குள் இருந்தால் அந்தத் தோலின் உணர்வு கெடக் கூடாது. இரண்டாவது, கார்பல் டனல் நோயாளிகள் பெரும்பாலும் இரவில் மரத்துப்போய் விழித்துக் கையை உதறுவார்கள். இவருக்கோ இரவில் தொல்லை இல்லை, முழங்கையை நீட்டிக் கையை உயர்த்தி வேலை செய்யும்போதுதான் அதிகமாயிற்று. இவ்விரண்டும் நோயாளி தாமே சொன்னவை. கேட்டவர்கள் குறித்துக்கொண்டார்கள், ஆனால் முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டதால் அக்குறிப்புகளுக்கு எடை கிடைக்கவில்லை.

நான் எழுதாமல் விட்ட புள்ளி

அறுவைக்குப் பின் 5 மாதங்கள் சென்ற நிலையில், முன்கையிலும் முழங்கைக்கு மேலும் குடைச்சல் கூடியதால் முழங்கைக்கு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. பரிந்துரைச் சீட்டில் இருந்தது "முழங்கை வலி, மூட்டுத் தேய்மானம்?" என்பது மட்டும். நேர்ப்படம், பக்கவாட்டுப் படம் என இரண்டு படங்கள். மூட்டு இடைவெளி சரியாக இருந்தது; எலும்பு முறிவு இல்லை; கொழுப்புத் திட்டுகள் விலகவில்லை. "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று நான் கையொப்பமிட்டேன்.

பக்கவாட்டுப் படத்தின் மேல் ஓரத்தில், எலும்புக்கு முன்னால் தசையின் சாம்பல் நிழலுக்குள், அரிசி நுனி அளவில் ஒரு வெண்மை இருந்தது. ஒளிக்கற்றை மூட்டை மையமாக வைத்துக் குறுக்கப்பட்டிருந்ததால் படம் அந்த இடத்தோடு முடிந்துவிட்டது. அந்த வெண்மை எதனுடன் இணைந்திருக்கிறது என்பது படத்துக்கு வெளியே இருந்தது. தசைக்குள் படிந்த சுண்ணாம்பாகவோ படத்தகட்டின் அழுக்காகவோ இருக்கலாம் என எண்ணிக் கடந்துபோனேன். நேர்ப்படத்தில் அதே இடம் மேற்கை எலும்பின் தண்டின் மீதே விழுந்திருந்ததால் தண்டின் வெண்மையில் அது கரைந்துவிட்டது.

பின்னாளில் அந்தப் படத்தைத் திரும்பத் திறந்து பார்த்தபோதுதான் அது ஏன் தனித்து நின்றது என்பது புரிந்தது. இந்த முள் எலும்பிலிருந்து கிளம்பி மூட்டை நோக்கிக் கீழே வளைகிறது. ஆகையால் வேரைவிட நுனி மூட்டுக்கு அருகில் இருக்கும். மேலிருந்து வெட்டப்பட்ட படத்தில் வேர் மறைந்து நுனி மட்டும் எஞ்சும். இணைப்பற்ற ஒரு துணுக்குபோலத் தெரிந்ததற்குக் காரணம் அதன் இயல்பான வடிவமே. படத்தின் விளிம்பில் அரைகுறையாகத் தெரியும் எதையும் "முழுமையாகக் காணக் கிடைக்கவில்லை, மேலே கூடுதல் படம் தேவை" என்று எழுதியிருந்தால் போதும். அந்த ஒரு வரிக்குப் பதிலாக நோயாளி மேலும் 7 மாதங்கள் காத்திருந்தார்.

மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி

ஏழு மாதங்களுக்குப் பின் அதே நோயாளி, "கார்பல் டனல் மீண்டும் வந்துள்ளதா, வடு அழுத்துகிறதா" என்ற கேள்வியுடன் அல்ட்ராசவுண்ட் சோதனைக்கு என்னிடம் அனுப்பப்பட்டார். மணிக்கட்டில் நடு நரம்பு வீங்கவில்லை. அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 8 சதுர மி.மீ. மட்டுமே இருந்தது. வெட்டப்பட்ட நார்ப்பட்டையின் இரு முனைகளும் நன்கு விலகியிருந்தன. அறுவை குறையின்றிச் செய்யப்பட்டிருந்தது. கேட்கப்பட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் அல்ட்ராசவுண்டின் பெரும் வசதி, கருவியின் முனையைத் தோலின் மீது நகர்த்திக்கொண்டே நரம்பை நீளவாக்கில் பின்தொடர முடிவதுதான். முன்கை முழுவதும் நரம்பு ஒரே சீராக இருந்தது. முழங்கையைத் தாண்டி 5 செ.மீ. மேலே சென்றதும் அது பருத்தது: 17 சதுர மி.மீ.; இழைகளின் கோடுகள் மங்கிக் கறுத்திருந்தன. இடது கையில் அதே உயரத்தில் அளந்தபோது 9 சதுர மி.மீ. இருந்தது. பருத்த பகுதிக்குச் சற்றுக் கீழே, நரம்புக்கும் கருவிக்கும் இடையில், பின்னால் நிழல் விழுத்தும் பளிச்சென்ற ஒரு வளைகோடு தெரிந்தது. எலும்பின் மேற்பரப்பு மட்டுமே அல்ட்ராசவுண்டில் அப்படித் தெரியும். அந்தக் கோட்டின் நுனியிலிருந்து முழங்கையின் உட்புறக் குமிழ் வரை ஒரு மெல்லிய நார் இறங்கியது. நரம்பும் மேற்கைத் தமனியும் அந்த நாருக்கு அடியில் ஒன்றாக நுழைந்தன.

நோயாளியிடம் முழங்கையை முழுவதும் நீட்டி உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பச் சொன்னபோது, மணிக்கட்டில் நாடி தளர்ந்தது. முள் இருந்த இடத்தைத் தட்டியபோது நடுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்ததாகச் சொன்னார். முன்கையை உட்புறமாகத் திருப்பும் ப்ரோனேட்டர் டெரிஸ் தசையும் வலுவிழந்திருந்தது. இந்தக் கடைசிக் கண்டறிதல் இடத்தை நிர்ணயிக்க மிகவும் உதவுவது: அந்தத் தசைக்கான கிளைகள் பொதுவாக நரம்பு அதன் ஊடே நுழைவதற்கு முன்பே பிரிந்துவிடுவதால், தசைக்குள்ளேயே நரம்பு அழுத்தப்படும் நோயில் அந்தத் தசையின் வலு பெரும்பாலும் கெடுவதில்லை, அது கெட்டிருந்தால் அழுத்தம் அதற்கும் மேலே இருக்கிறது. பின்னர், தசைக்குள் ஊசி செலுத்தி அதன் மின் செயல்பாட்டைப் பதிவு செய்யும் ஈ.எம்.ஜி. சோதனையும் அதையே காட்டியது: அந்தத் தசையிலும், மணிக்கட்டை மடக்கும் அருகிலுள்ள தசையிலும் நரம்பிழப்பின் அறிகுறிகள் இருந்தன, முழங்கைக்கு மேல் கடத்தல் வேகம் குறைந்திருந்தது.

அன்றே மேற்கையின் கீழ்ப்பாதி முழுவதும் அடங்கும்படி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். இந்த முள் மேற்கை எலும்பின் முன்புறத்துக்கும் உட்புறத்துக்கும் இடைப்பட்ட பரப்பிலிருந்து கிளம்புவதால், வழக்கமான நேர்ப்படத்தில் அது தண்டோடு ஒன்றிவிடலாம். கையைச் சற்று உள்நோக்கிச் சுழற்றி எடுக்கும் சாய்வுப் படத்தில்தான் அதன் பக்கத் தோற்றம் முழுமையாக வெளிப்படும். சாய்வுப் படத்தில், உட்புறக் குமிழுக்கு 6 செ.மீ. மேலே, அகன்ற அடியும் கூர்மழுங்கிய நுனியும் கொண்ட கொக்கி ஒன்று மூட்டை நோக்கி வளைந்து நின்றது.

முள்ளா, கட்டியா

சாய்வுப் படத்தை முதலில் பார்த்த பயிற்சி மருத்துவர், ஆஸ்டியோகாண்ட்ரோமா என்னும் குருத்தெலும்புத் தொப்பியுடைய எலும்புக் கட்டியாக இருக்கலாம் என்றார். அது நியாயமான ஐயம். இரண்டும் தண்டிலிருந்து புடைத்து நிற்கும் எலும்பு வளர்ச்சிகள். ஆனால் இரண்டையும் பிரித்தறிய எக்ஸ்ரேயே போதும். ஆஸ்டியோகாண்ட்ரோமா பொதுவாக மூட்டைவிட்டு விலகும் திசையில் வளரும். இந்த முள் மூட்டை நோக்கி வளைகிறது. கட்டியில் தாய் எலும்பின் புறணி, அதாவது கெட்டியான வெளிச்சுவர், விலகி, உள்ளிருக்கும் மஜ்ஜை கட்டிக்குள்ளும் தொடரும். முள்ளின் அடியிலோ மேற்கை எலும்பின் புறணி உடையாமல் ஒரே கோடாக ஓடும். இந்தப் படத்தில் இரு அடையாளங்களும் முள்ளின் பக்கமே இருந்தன. அடிபட்ட தசைக்குள் உருவாகும் எலும்பாக இருக்கலாமா என்றும் பார்த்தோம். அது பொதுவாக ஓரத்தில் முற்றியும் நடுவில் முற்றாமலும் இருக்கும், எலும்புத் தண்டிலிருந்து ஒரு மெல்லிய இடைவெளியால் பிரிந்தும் நிற்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. அடிபட்ட வரலாறும் இல்லை.

இவ்வளவு தெளிவாக இருந்தும் எம்.ஆர்.ஐ. எடுத்ததற்குக் காரணம் எலும்பு அன்று, நரம்பு. முள் இருக்கிறது என்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று தீர்த்துவிட முடியாது. நூற்றுக்கு ஒருவர் அளவில் இந்த முள் காணப்படுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் எந்தத் தொல்லையும் வருவதில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது ஒரு முன்னெச்சரிக்கை தேவைப்பட்டது: "முழங்கை" என்று மட்டும் எழுதினால் கருவிச் சுருள் மூட்டின் மீது மையப்படுத்தப்படும், முள் மீண்டும் படத்தின் மேல் ஓரத்துக்கு வெளியே போய்விடும். ஆகவே மூட்டுக்கு 12 செ.மீ. மேலிருந்து தொடங்கும்படி எழுதிக் கொடுத்தேன். முதல் படத்தில் நேர்ந்தது இரண்டாவது முறை நேரக் கூடாது என்ற கவலை எனக்கு இருந்தது.

கொழுப்பின் ஒளியை அடக்கி, நீர்க்கோப்பு வெண்மையாகத் தெரியும்படி எடுத்த டி2 வகை எம்.ஆர்.ஐ. படங்களில், முள்ளுக்கு மேலே நரம்பு பருத்து வெண்மையாக ஒளிர்ந்தது. நாருக்கு அடியில் தட்டையானது. அதற்குக் கீழே மெல்ல இயல்புக்குத் திரும்பியது. ப்ரோனேட்டர் டெரிஸ் தசையில் நரம்பிழப்பால் வரும் நீர்க்கோப்பு பரவியிருந்தது. தசை இன்னும் கொழுப்பாக மாறியிருக்கவில்லை. அறுவை நிபுணருக்கு இது பெரிய செய்தி; நீர்க்கோப்பு திரும்பக்கூடியது, கொழுப்பு மாற்றம் திரும்பாதது. தமனியின் போக்கையும் எழுதினோம்: அது இரண்டாகப் பிரிவது வழக்கமான இடத்தில்தான், ஆனால் நரம்புடன் சேர்ந்து நாருக்கு அடியிலேயே வந்தது.

இந்த முள்ளின் வரலாறு

சுப்ராகாண்டைலார் புராசஸ் என்று உடற்கூற்றியலில் அழைக்கப்படும் இந்த முள்ளையும் அதிலிருந்து உட்புறக் குமிழுக்கு இறங்கும் நாரையும் ஸ்காட்லாந்து உடற்கூற்றியலாளர் ஜான் ஸ்ட்ரதர்ஸ் 1848-இல் விவரித்தார்; அந்த நார் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. சார்லஸ் டார்வின் 1871-இல் மனிதத் தோற்றத்தைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாட்டைச் சான்றுகளுள் ஒன்றாக எடுத்துக்காட்டினார். காரணம் எளிது. பூனை உள்ளிட்ட பல பாலூட்டிகளில் இதே இடத்தில் முழு எலும்பாலான ஒரு துளை இருக்கிறது. நடு நரம்பும் தமனியும் அதன் வழியாகவே செல்கின்றன. மனிதரில் அத்துளையின் சுவர் எலும்பாக முழுமையடையாமல், சிலருக்கு மேற்பாதி முள்ளாகவும் கீழ்ப்பாதி நாராகவும் எஞ்சுகிறது. எலும்பும் நாரும் சேர்ந்து ஆக்கும் இந்த வளையத்தை எக்ஸ்ரேயில் பார்க்கும்போது பாதிதான் தெரியும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். எலும்புப் பாதி படத்தில் விழும். நெருக்கும் பாதியோ பெரும்பாலும் நார்தான், அது எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால்தான் முள் எவ்வளவு நீளம் என்பதைக் கொண்டு நெருக்கத்தின் கடுமையைச் சொல்ல முடியாது. மூன்று நான்கு மி.மீ. நீளமுள்ள முள்ளுக்குக்கூட இறுக்கமான நார் இருக்கலாம்.

இரண்டாவது அறுவை

மேற்கையின் உட்புறத்தில் திறந்தபோது, நார் விரலால் தொட்டால் நாண்போல் விறைத்திருந்தது. அதன் அடியில் நரம்பு வெளிறி, 2 செ.மீ. தூரத்துக்குக் குறுகியிருந்தது. நார் வெட்டப்பட்டது. முள் அதன் அடியோடு, அதை மூடிய எலும்பு உறையுடன் சேர்த்து அகற்றப்பட்டது. உறையை விட்டுவைத்தால் அதிலிருந்து முள் மீண்டும் வளர வாய்ப்புண்டு. நரம்பின் உறை திறக்கப்படவில்லை. அகற்றிய துண்டை நுண்ணோக்கியில் பார்த்தபோது, குருத்தெலும்புத் தொப்பி இல்லாத இயல்பான எலும்பாகவே இருந்தது.

குடைச்சல் இரண்டு வாரங்களில் நின்றது. மூன்றாம் மாதத்தில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் உணர்வு பெற்றன. ஆறாம் மாதத்தில் ப்ரோனேட்டர் டெரிஸ் முழு வலுவை அடைந்தது. கட்டைவிரல் மேட்டுத் தசை மட்டும் முழுமையாகத் திரும்பவில்லை. நரம்பு அழுந்திய இடத்துக்கும் அந்தத் தசைக்கும் உள்ள தூரம் மிக அதிகம். சேதமுற்ற நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. என்ற அளவிலேயே வளர்வதால், தொலைவில் உள்ள தசை நெடுங்காலம் காத்திருக்க நேர்கிறது. தாமதமான மாதங்கள் அங்கேதான் கணக்கில் வந்தன என்று கருதுகிறேன்.

கால்களிலும் இதே கேள்வி

இந்த நிகழ்வுக்குப் பின் என் வாசிப்பு முறை மாறிய இடம், முழங்கைப் படங்கள் மட்டுமல்ல. கை, கால் எலும்புகளின் இயல்பு வேறுபாடுகளைக் கற்பிக்கும்போது நாங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு எச்சரிக்கையைத்தான் சொல்லிவந்தோம்: "இதை எலும்பு முறிவு என்று தவறாக எழுதிவிடாதே." அது தேவையான எச்சரிக்கை. பத்து வயதையொட்டிய சிறுவர்களுக்குக் கால் சுளுக்கினால், ஐந்தாம் பாத எலும்பின் அடியில் உள்ள வளர்ச்சித் துண்டை முறிவென்று கருதிக் கட்டுப்போடுவது அடிக்கடி நடக்கிறது. அந்தத் துண்டைப் பிரிக்கும் கோடு எலும்புத் தண்டுக்கு ஏறத்தாழ இணையாக ஓடும், உண்மையான முறிவுக்கோடோ பெரும்பாலும் குறுக்காக ஓடும் என்பது தெரிந்திருந்தால் அத்தவறு நேராது. முழங்கால் சில்லு இரு துண்டாகத் தெரிந்தால், துண்டின் ஓரங்கள் வழவழப்பாகவும் புறணியால் மூடப்பட்டும் உள்ளனவா, மேல்-வெளிப்புற மூலையில் உள்ளதா என்று பார்க்கச் சொல்லித் தருகிறோம். நூற்றுக்கு ஏறத்தாழ இருவரிடம் காணப்படும் இருகூற்றுச் சில்லில் நான்கில் மூன்று பங்கு அந்த மூலையில்தான் அமைகிறது. முறிவின் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தும், ஓரம் கூர்மையாக இருக்கும். இருகூற்றுச் சில்லின் துண்டுகளைச் சேர்த்தால் இயல்பான சில்லைவிடப் பெரிதாகும்.

ஆனால் அந்த எச்சரிக்கையை மட்டும் கேட்டு வளரும் மருத்துவர், முறிவு இல்லை என்று தீர்ந்தவுடன் "இயல்பு வேறுபாடு" என்ற சொல்லோடு கதவை மூடிவிடுகிறார். அந்தச் சொல் நோயாளியின் காதில் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று விழுகிறது. இருகூற்றுச் சில்லு பெரும்பாலோருக்கு வலிப்பதில்லை. ஆயினும் தொடைத்தசையின் வெளிப்பகுதி அந்த மூலைத் துண்டை ஒவ்வோர் அசைவிலும் இழுப்பதால், ஓடுபவர்களிலும் குதிப்பவர்களிலும் சிலருக்கு இரு துண்டுகளையும் சேர்க்கும் குருத்தெலும்பு நைந்து வலி உண்டாகிறது. அப்போது எம்.ஆர்.ஐ.யில் கோட்டின் இருபுறமும் மஜ்ஜையில் நீர்க்கோப்பு தெரியும். எக்ஸ்ரேயோ வலி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒன்றுபோலவே இருக்கும்.

பாதத்தின் உட்புறத்தில், படகெலும்பின் ஓரமாக நிற்கும் கூடுதல் எலும்பும் அப்படித்தான். அது மூன்று வகைப்படும்: தசைநாணுக்குள் தனியே மிதக்கும் சிறு உருண்டை, குருத்தெலும்புப் பாலத்தால் படகெலும்போடு இணைந்த முக்கோணத் துண்டு, எலும்பாகவே இணைந்து கொம்புபோல் நீண்ட வடிவம். வலி தருவது பெரும்பாலும் இரண்டாவது. ஏனெனில் பாதத்தின் வளைவைத் தாங்கும் பின்கால் தசையின் நாண் அந்தத் துண்டில் பற்றி, நடக்கும்தோறும் பாலத்தை இழுக்கிறது. அறிக்கையில் "கூடுதல் எலும்பு உள்ளது" என்று மட்டும் எழுதினால் முதல் வகையும் இரண்டாம் வகையும் ஒன்றாகிவிடுகின்றன. கணுக்காலின் பின்னால் உள்ள ஆஸ் ட்ரைகோனம் என்னும் சிற்றெலும்பு, பாதத்தை முழுக்கக் கீழ்நோக்கி நீட்டும் நடனக் கலைஞர்களுக்கு இரு எலும்புகளுக்கிடையே நசுங்குகிறது. அமர்ந்து வேலை செய்பவருக்கு அதே எலும்பு வாழ்நாள் முழுவதும் தெரியாமலே இருக்கும். முழங்காலின் பின்வெளிப்புறத்தில் கெண்டைத்தசைக்குள் இருக்கும் ஃபபெல்லா என்ற உருண்டை எலும்பின் அருகிலேயே பாதத்தை உயர்த்தும் தசைகளுக்கான நரம்பு செல்கிறது. அரிதாக அது அந்த நரம்பை அழுத்தும். மேற்கை முள்ளுக்கு மிக நெருங்கிய இணை அதுவே.

மறுபக்கத்தைப் படமெடுத்து ஒப்பிடுவது பயனுள்ள வழக்கம். கை, கால் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு அளவு மிகக் குறைவு என்பதால் அதில் தயக்கம் தேவையில்லை. ஆனால் மறுபக்கத்தில் இல்லை என்பதைக் கொண்டு இது நோய்தான் என்று முடிவு செய்யக் கூடாது. மேற்கை முள் பெரும்பாலும் ஒரு கையில் மட்டுமே வரும்; இந்த நோயாளிக்கும் இடக்கையில் இல்லை. அளவை சார்ந்த வேறுபாடுகளில் இன்னொரு கண்ணியும் உண்டு. மணிக்கட்டில் முன்கையின் இரு எலும்புகளுள் எது நீளம் என்று அளக்கும்போது, உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பினாலே உட்புற எலும்பு சற்று முன்னேறி நிற்பதுபோல் அளவு மாறும். முன்கை நடுநிலையில் வைக்கப்பட்டுப் படமெடுக்கப்பட்டதா என்று தெரியாமல் ஒரு மி.மீ. வேறுபாட்டை வைத்து வலிக்குக் காரணம் எழுதுவது, கைவைத்த விதத்தை நோயாக எழுதுவதாகும்.

திருத்திய அறிக்கை

இப்போது எங்கள் துறையில், கை, கால் படமொன்றில் இயல்பு வேறுபாடு எதைக் கண்டாலும் அறிக்கையில் மூன்றைக் கட்டாயம் எழுதுகிறோம்: ஒன்று, அது என்ன, எந்த வகை, எங்கிருந்து எத்தனை செ.மீ. தொலைவில் என்பது; இரண்டு, அதை ஒட்டிச் செல்லும் நரம்பு, தமனி, தசைநாண் எவை என்பது; மூன்று, நோயாளி சொல்லும் வலியோ மரப்போ அதே இடத்தைச் சேர்ந்ததா என்பதை மருத்துவர் கைவைத்துப் பார்க்க வேண்டும் என்ற வேண்டுகோள். மூன்றாவதை எழுதுவது கதிரியல் மருத்துவரின் வேலை அன்று என்று சிலர் கருதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. இந்த நோயாளியின் முள்ளைத் தட்டியபோது நடுவிரலில் பாய்ந்த மின்சாரத்தை எந்தப் படமும் எனக்குக் காட்டியிருக்காது.

முழங்கை எக்ஸ்ரேக்கான எங்கள் வழிமுறையிலும் ஒரு சிறு மாற்றம் செய்தோம். பரிந்துரைச் சீட்டில் விரல் மரப்பு, கைப்பிடித் தளர்ச்சி, கார்பல் டனல் அறுவை வரலாறு ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், ஒளிக்கற்றையை மூட்டுக்கு மேலே 10 செ.மீ. வரை திறந்து வைத்து, சாய்வுப் படம் ஒன்றையும் சேர்த்து எடுக்கிறோம். சீட்டில் ஒன்றும் எழுதப்படாவிட்டால், படமெடுக்கும் தொழில்நுட்பநர் நோயாளியிடமே "விரல் மரக்கிறதா" என்று ஒரு கேள்வி கேட்கிறார்.

நான் முன்பு கையொப்பமிட்ட முழங்கை அறிக்கையின் கீழ், நோயாளிக்கும் அவருடைய மருத்துவருக்கும் தெரிவித்த பின், இந்தப் பின்சேர்க்கையை இணைத்தேன்: "பக்கவாட்டுப் படத்தின் மேல் ஓரத்தில், மேற்கை எலும்புக்கு முன்னால், ஓர் எலும்பு முள்ளின் நுனி தெரிகிறது, முதல் அறிக்கையில் இது குறிப்பிடப்படவில்லை. பின்னர் எடுத்த சாய்வுப் படத்தில் இது உட்புறக் குமிழுக்கு 6 செ.மீ. மேலே அமைந்த சுப்ராகாண்டைலார் புராசஸ் என உறுதியானது. நடு நரம்பு நெருக்கத்துக்கு இது காரணமாயிற்று."